வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்: ரொறன்ரோ நகர சபை நடத்தும் வகுப்புகள்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியவர்களுக்கு முதல் கிழமையிலேயே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை வீடு. உறவினரும் நண்பர்களும் ஆளுக்கொன்று சேர்த்துச் சொல்வார்கள். அதில் நீச்சல் வகுப்பும் கோடை முகாமும் பெரும்பாலும் இருக்காது. வேலை, வீடு என்று காலூன்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். என் எண்ணம் வேறு. வந்த முதல் மாதங்களில்தான் இவை அதிகம் தேவைப்படுகின்றன. பிள்ளைக்கு இன்னும் மொழி பழகவில்லை, பெரியவர்களுக்கு வெளியே போக ஓர் இடமில்லை, கையில் காசும் குறைவு. இந்த மூன்றுக்கும் உதவக்கூடிய ஏற்பாடு உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலேயே இருக்கிறது.

நகர சபையின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குப் பிரிவுதான் இதை நடத்துகிறது. நீச்சல் தடாகங்கள், ஐஸ் அரங்குகள், விளையாட்டுக் கூடங்கள், சமூக நிலையங்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு மோல்வேர்ன் நிலையம் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். மோர்னிங்சைட் வீதியில் உள்ள பான் ஆம் விளையாட்டு மையம் 2015இல் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்டது. நகர சபையும் ரொறன்ரோப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை வைத்திருக்கின்றன. ஒலிம்பிக் அளவுத் தடாகம் அங்கே இருக்கிறது என்பதால் சாதாரண மக்களுக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். நகர சபையின் வகுப்புகள் அங்கும் நடக்கின்றன.

வகுப்புகள் இரண்டு விதம். ஒன்று, முன்கூட்டியே பதிவு செய்து, பல கிழமைகள் தொடர்ந்து போவது. மற்றது, அட்டவணையைப் பார்த்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்வது. இதை ட்ராப்-இன் என்பார்கள். பட்மின்ரன், கூடைப்பந்து, பொழுதுபோக்கு நீச்சல், ஸ்கேட்டிங் எல்லாம் இந்த இரண்டாவது வகையில் நிறைய உண்டு. வந்த புதிதில் ட்ராப்-இன்னில் தொடங்குவது நல்லது. நிலையம் எப்படி இருக்கிறது, உடை மாற்றும் அறை எங்கே, யாரிடம் என்ன கேட்கலாம் என்பதெல்லாம் பழகிவிடும். அப்புறம் வகுப்பில் சேரும்போது தயக்கம் இருக்காது.

பதிவு செய்வதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். குளிர்காலம், இளவேனில், கோடை, இலையுதிர் காலம் என்று ஆண்டுக்கு நான்கு பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் பதிவு நாளை முன்பே அறிவிப்பார்கள். பதிவு வழக்கமாகக் காலை 7 மணிக்குத் தொடங்கும். எட்டு மணிக்கு எழுந்து கணினியைத் திறந்தால் சனிக்கிழமைக் காலை நீச்சல் வகுப்புகள் நிரம்பிப்போயிருக்கும். எனவே பதிவு நாளுக்கு முன்பே நகர சபையின் இணையத்தளத்தில் கணக்கைத் திறந்து, குடும்பத்தில் உள்ள எல்லோருடைய பெயரையும் பிறந்த திகதியையும் சேர்த்து வையுங்கள். உங்களுக்கு வேண்டிய வகுப்பின் இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் நம்பியிருக்காமல் இன்னும் இரண்டு மூன்று தெரிவுகளை அதன் கீழே எழுதுங்கள். வார இறுதிக்குத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள். வார நாட்களில் மாலை வேளை வகுப்பு, அதுவும் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் நிலையத்தில் என்றால், கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் பகுதி நிலையத்தில்தான் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நகரத்துக்குள் எந்த நிலையத்திலும் சேரலாம்.

இடம் கிடைக்கவில்லையா? காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுங்கள். முதல் கிழமையிலேயே சிலர் விலகுவது வழக்கம். ஆனால் இடம் காலியானதாக மின்னஞ்சல் வந்தால் உடனே பதில் போட வேண்டும். கொடுக்கும் அவகாசம் குறைவு, அது முடிந்தால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். தினமும் பார்க்கும் மின்னஞ்சல் முகவரியையே கணக்கில் கொடுங்கள். மகனுடைய பழைய முகவரியைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்காபரோவிலிருந்து ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே போனால் அது மார்க்கம்; நகரமும் வேறு, நகர சபையும் வேறு. ஏஜக்ஸ், பிரம்ரன், மிசிசாகா எல்லாம் அப்படித்தான். அங்கே வசிப்பவர்களுக்கு அந்தந்த நகரத்தின் வகுப்புகளும் சலுகைகளும் உண்டு. ரொறன்ரோவில் பதிவு தொடங்கும்போது ரொறன்ரோவாசிகளுக்குத்தான் முன்னுரிமை. வீடு தேடும்போது எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் காசு விஷயம். குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு நகர சபை கட்டண உதவி தருகிறது. அதன் பெயர் வெல்கம் பொலிசி. நீங்கள் ரொறன்ரோவில் வசிக்க வேண்டும், குடும்ப அளவுக்கு ஏற்ப நிர்ணயித்த எல்லைக்குக் கீழே உங்கள் வருமானம் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தொகை வரவு வைப்பார்கள். காசாகக் கையில் தரமாட்டார்கள்; வகுப்புக்குப் பதியும்போது அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்குத்தான் செல்லும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்து முடிக்கப் பல கிழமைகள் எடுக்கும் என்பதால், அடுத்த பருவத்தின் பதிவு நாளை மனதில் வைத்து இப்போதே அனுப்புங்கள்.

வருமானத்துக்குச் சான்றாக வழக்கமாகக் கேட்பது, வரிக் கணக்கைத் தாக்கல் செய்தபின் கனடா வருமான முகமை அனுப்பும் மதிப்பீட்டுத் தாள். புதிதாக வந்தவர்களிடம் அது இருக்காது. அதற்காகப் பின்வாங்காமல், வந்து ஓராண்டு ஆகாதவர்கள் எந்தத் தாளைக் கொடுக்கலாம் என்று நிலையத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 30க்குள், வருமானமே இல்லாவிட்டாலும், வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு தொடர்ந்து வரவும் அது வேண்டும், இதற்கும் வேண்டும். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் தொண்டர் முகாம்கள் வசந்த காலத்தில் நடக்கின்றன.

அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லையே, இதெல்லாம் எங்களுக்குத் தருவார்களா என்று தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் தன் சேவைகளைப் பெறலாம் என்று ரொறன்ரோ நகர சபை 2013இல் முடிவெடுத்தது. கனடாவில் முதன்முதலில் அப்படி முடிவெடுத்த நகரம் இதுதான். சமூக நிலையத்துக்குள் நுழைய யாரும் விசாவைக் காட்டச் சொல்லமாட்டார்கள்.

விண்ணப்பமே வேண்டாத வழியும் உண்டு. நகரத்தின் சில நிலையங்களில் வகுப்புகள் எல்லோருக்கும் இலவசம். டவுன்ரவுனில் உள்ள ரீஜன்ட் பார்க் அவற்றில் ஒன்று. அங்குள்ள நீச்சல் மையத்தில் பெண்களுக்கு மட்டுமான நேரமும் உண்டு. அப்போது கண்ணாடிச் சுவரில் திரையை இறக்கிவிடுவார்கள். ஆண்கள் முன் தண்ணீரில் இறங்கக் கூச்சப்படும் அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் இந்த நேரத்தைத் தேடிச் சொல்லுங்கள். வேறு தடாகங்களிலும் பெண்களுக்கான நேரம் இருக்கிறது.

எதில் முதலில் சேர்ப்பது என்று கேட்டால், யோசிக்காமல் நீச்சல் என்று சொல்வேன். ஒன்ராறியோவில் திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. கோடை வந்தால் நம் குடும்பங்கள் கூட்டமாக ஏரிக்கரைக்குப் போகின்றன. மேலே வெயில் கொளுத்தினாலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். கரையிலிருந்து கொஞ்சம் நடந்ததும் ஆழம் திடீரென்று கூடிவிடும் இடங்கள் உண்டு. நீந்தத் தெரியாமல் இறங்கியவர்கள் இறந்த செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது; புதிதாக வந்தவர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. கடற்கரை ஊரில் வளர்ந்தவர்கள்கூட ஏரியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

கனடாவின் உயிர்காப்புச் சங்கம் (Lifesaving Society) நீச்சலுக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவுகோல் எளிமையானது. ஆழமான தண்ணீரில் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், 50 மீட்டர் நீந்த வேண்டும். தவறி விழுந்த ஒருவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு தேவை. பிள்ளை பதக்கம் வாங்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் செய்யும்வரை வகுப்பை நிறுத்தாதீர்கள். தாய் தகப்பனும் இதைக் கற்றுக்கொள்ளலாம், பெரியவர்களுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. நாற்பது ஐம்பது வயதில் முதன்முதலாகத் தண்ணீரில் முகத்தை வைப்பவர்கள் அங்கே நிறையப் பேர். பிள்ளையை எந்த நிலையில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் தடாகத்தில் இருக்கும் பயிற்றுநரிடம் கேளுங்கள், நீந்தவைத்துப் பார்த்துச் சொல்வார்கள். பொழுதுபோக்கு நீச்சலுக்குப் போகும்போது, பத்து வயதுக்குக் குறைந்த, நீச்சல் சோதனையில் தேறாத பிள்ளையுடன் பொறுப்பானவர் ஒருவரும் தண்ணீரில் இறங்க வேண்டும். கரையில் கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க விடமாட்டார்கள். அது சரியான விதி.

நீச்சலைத் தொடரும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு அது வேலையாகவும் மாறும். 13 வயதில் வெண்கலப் பதக்கம் (Bronze Medallion) என்ற உயிர்காப்புப் பயிற்சியை எடுக்கலாம், அடுத்து வெண்கலச் சிலுவை (Bronze Cross), முதலுதவி, பிறகு 15 வயதில் தேசிய உயிர்காப்பாளர் சான்றிதழ். நகர சபை ஒவ்வோராண்டும் இளைஞர்களை உயிர்காப்பாளர்களாகவும் நீச்சல் பயிற்றுநர்களாகவும் முகாம் பொறுப்பாளர்களாகவும் வேலைக்கு எடுக்கிறது. கனடிய அனுபவம் இல்லை என்று பெரியவர்கள் தட்டிக்கழிக்கப்படும் இடத்தில், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே அந்த அனுபவம் கிடைத்துவிடும்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அடுத்த தலைவலி யூலையும் ஓகஸ்டும். இரண்டு மாதம் பள்ளிக்கூடம் பூட்டு. நகர சபையின் கோடை முகாமுக்கு காம்ப்ரிஓ (CampTO) என்று பெயர். முகாம் கோடையில்தான் நடக்கிறது, ஆனால் பதிவு குளிர் விடுமுன்பே நடந்துவிடும். பள்ளிக்கூடம் முடியும் நேரத்தில் தேடினால் தூரத்து நிலையங்களில் சில கிழமைகள்தான் மிஞ்சியிருக்கும். மார்ச் விடுமுறைக்கும் முகாம் உண்டு. சில பகுதிகளில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு மாலைநேரக் கவனிப்பும் நடத்துகிறார்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை வகுப்பறையில் வாயைத் திறக்காது. பந்தை எறி, ஓடு, பிடி என்று கத்தும் இடத்தில் இரண்டு கிழமையில் பேசத் தொடங்கிவிடும்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளை உங்களுக்கு இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். எல்லோருடனும் சேர்ந்து பங்கேற்கத் துணையாள் கேட்கலாம், தனியாக வடிவமைத்த வகுப்புகளும் உண்டு. துணையாளை ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நாள் வேண்டும். அதனால் பதிவு தொடங்குமுன்பே பேசுங்கள்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்று வந்து, பேஸ்மென்ற் வீட்டில் பகல் முழுக்கத் தனியே இருப்பவர்கள் எத்தனையோ பேர். டிசம்பரில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். வழுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் நடையும் நின்றுபோகும், பிறகு முழங்கால், இரத்த அழுத்தம், தூக்கமின்மை என்று ஒவ்வொன்றாக வரும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிலையங்களில் மென்மையான உடற்பயிற்சி, நடை, சீட்டாட்டம், நடனம் என்று பகல் நேரத்தில் நிறைய நடக்கிறது. பயிற்றுநர் ஆங்கிலத்தில்தான் சொல்வார், ஆனால் கையைத் தூக்கினால் கையைத் தூக்க மொழி வேண்டியதில்லை. ஸ்காபரோ நிலையங்களில் பக்கத்தில் நிற்பவர் தமிழராக இருக்கும் வாய்ப்பும் அதிகம். முதல் இரண்டு தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, சப்பாத்தை எங்கே மாற்றுவது என்று காட்டிக் கொடுங்கள். அதன் பிறகு அவர்களே போய்வருவார்கள். போகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனால் அவர்கள் போகமாட்டார்கள்.

குளிர்காலத்தில் ஸ்கேட்டிங். வெளிப்புற ஐஸ் தளங்கள் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. ஸ்காபரோவில் அல்பர்ட் காம்பெல் சதுக்கத்தில் ஒன்று இருக்கிறது. ஸ்கேட்டைப் பழைய பொருட்கடையில் வாங்கலாம், பிள்ளையின் கால் ஆண்டுக்காண்டு வளரும். தலைக்கவசத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். சைக்கிள் கவசம் இதற்கு ஆகாது, ஐஸ் ஹொக்கிக் கவசம்தான் வேண்டும். கோடையில் வெளிப்புற நீச்சல் தடாகங்களும் சிறுவர்களுக்கான நீர்விளையாட்டு இடங்களும் இலவசம்.

பூங்காவில் ஒன்றுகூடல் வைப்பது நம் ஆட்களுக்குப் பிடித்த விஷயம். 25 பேருக்கு மேல் சேர்ந்தால் நகர சபையின் அனுமதி வேண்டும். கிரிக்கெட் மைதானத்துக்கும் அப்படியே. கோடை வார இறுதிகள் முன்கூட்டியே போய்விடும்.

இணையத்தளம் குழப்பினால் 311ஐ அழையுங்கள். நகர சபையின் பொது இலக்கம் அது, நாள் முழுக்கப் பேசலாம். 180க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். எடுத்தவரிடம் “தமிழ்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். இணைந்த பிறகு உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, பக்கத்தில் எந்த நிலையம், அது இலவச நிலையமா, அடுத்த பருவத்தின் பதிவு எந்த நாள், வெல்கம் பொலிசிக்கு என்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.