ஜோசுவா ட்ரீ பூங்கா: மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும் ஒரு நாள்

கலிபோர்னியாவின் ஜோசுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் இரண்டு பாலைவனங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 900 மீட்டருக்கு மேலே மொஹாவி. கீழே, வெக்கை கூடிய கொலராடோ பாலைவனம். மேற்கு வாசலில் நுழைந்து, பாறைகளைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புகிறவர்களுக்கு இரண்டாவது பாலைவனம் கண்ணிலேயே படாது. அதனால் காலையில் மேற்கே நுழைந்து, மாலையில் தெற்கே காட்டன்வுட் வழியாக வெளியேறுங்கள்.

உள்ளே பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்காது. குடிநீர்க் குழாய்கள் பூங்காவின் ஓரங்களில் சில இடங்களில் மட்டுமே உண்டு. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். நிறைய நடப்பதானால் 8. சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்; கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். பையில் ஒரு சீப்பும் சிறு இடுக்கியும் இருக்கட்டும். ஏன் என்பது மாலையில் புரியும்.

முதலில் ஹிடன் வேலி பள்ளத்தாக்கு. வார இறுதிகளில் வண்டி நிறுத்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடும். 1.6 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்கும்போது பாறைகளின் விரிசல்களைக் கவனியுங்கள். 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்கடியில் குளிர்ந்து இறுகிய மான்சோகிரானைட் இது. குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டுக் கட்டம் கட்டமானது. அந்த விரிசல்களில் இறங்கிய நீர் முதலில் முனைகளைத் தின்றது; முனை போனால் உருண்டைதானே! பிறகு வெள்ளம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. யாரோ அடுக்கியது போலத் தோன்றுவது இதனால்தான். பாறையில் ஓடும் வெளிர்நிறக் கோடுகள், விரிசல்களில் பின்னால் புகுந்து உறைந்த பாறைக்குழம்பு. ஏறிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: உதிர்ந்த பரல் காலுக்கடியில் உருளும், ஏறுவதைவிட இறங்குவது கடினம்.

இங்கேயே ஜோசுவா மரங்களும் உண்டு. உண்மையில் இது யுக்கா என்னும் செடி இனம். ஆண்டு வளையம் கிடையாது, ஆகவே வயதைக் கணிப்பது உத்தேசம்தான். நுனி பூத்தாலோ பனியில் கருகினாலோதான் கிளை பிரியும். ஒற்றைக் கம்பமாக நிற்பது பெரும்பாலும் இன்னும் பூக்காதது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்கலாம், எல்லா ஆண்டும் அல்ல. கிளையில் தொங்கிப் படமெடுக்காதீர்கள், ஆழமில்லாத வேர்.

கீஸ் வியூ காட்சிமுனை, மண்டையோடு போன்ற ஸ்கல் ராக் பாறை இரண்டையும் முடித்துவிட்டு பின்டோ பேசின் சாலையில் தெற்கே திரும்புங்கள். இறங்க இறங்க ஜோசுவா மரங்கள் குறைந்து மறையும். கிரியோசோட் புதர் மட்டும் மிஞ்சும்.

சூரியன் சாய ஒரு மணி நேரம் இருக்கையில் சோயா கள்ளித் தோட்டத்தில் இருங்கள் (பெயர்தான் சோயா, மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஒளியை எதிர்நோக்கி நின்றால் முட்கள் பொன்னாகச் சுடரும். மூடிய காலணி கட்டாயம்: கீழே உதிர்ந்த துண்டுகள் உரசினாலே ஒட்டிக்கொள்ளும். முள்நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் இடையே நுழைத்து, ஆளில்லாத பக்கமாக ஒரே வீச்சில் தள்ளுங்கள். மிச்ச முள்ளுக்கு இடுக்கி.

சற்றுத் தெற்கே ஓகோட்டியோ என்னும் முட்செடிகளின் கூட்டம். காய்ந்த குச்சிகள் போல நின்றால் பட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். மழை பெய்த சில நாட்களில் இலை விடும்.