நகரும் ரோபோக்களின் வரைபடமாக்கலில் முனைவர் பட்ட ஆய்வு: விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியவை

முன்பின் தெரியாத ஒரு கட்டடத்துக்குள் நுழையும் ரோபோ, தான் நிற்கும் இடத்தை அறிய வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தை வரையவோ, தான் நிற்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் கணிக்கும் முறைக்கு ஸ்லாம் என்று பெயர். இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோர் பலரும் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆய்வுக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி அடிப்படைகள். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், முப்பரிமாணச் சுழற்சிகளின் கணிதம், மீச்சிறு வர்க்க முறை ஆகியவற்றில் தேர்ச்சி தேவை. சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகளிலும், ரோபோ நிரல்களுக்கான திறந்த மூல மென்பொருள் தொகுப்பான ராஸிலும் பழக்கம் வேண்டும். பிழையுள்ள அளவீடுகளிலிருந்து நிலையைக் கணிக்கும் கால்மன் வடிகட்டியைக் கொண்டு இருபரிமாண ஸ்லாம் ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள்.

இரண்டாம் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2012இல் வெளியான கிட்டி தரவுத்தொகுப்பில், காரில் பொருத்திய கேமராக்களும் லேசர் வருடியும் பதிவு செய்த, பாதைக் கணிப்புக்கான 22 பயணப் பதிவுகள் (வரிசைகள்) இருக்கின்றன. அவற்றில் 11 வரிசைகளுக்குக் கார் சென்ற உண்மையான பாதையும் தரப்பட்டுள்ளது. ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தில் உருவான, திறந்த மூலநிரலாகக் கிடைக்கும் ஆர்ப்-ஸ்லாம் என்ற நிரலை 00 என்று எண்ணிட்ட வரிசையில் ஒற்றைக் கேமராவுடன் ஓட்டுங்கள். அதே தெருக்களுக்குக் கார் திரும்பி வரும்போது, நிரல் பழைய இடத்தை அடையாளம் கண்டு பாதை முழுவதையும் திருத்திக்கொள்வதைத் திரையிலேயே காணலாம். அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டினால், சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, ஒன்றாக இருக்க வேண்டிய தெரு வரைபடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிறகு நெடுஞ்சாலையில் பதிவான 01 வரிசைக்குச் செல்லுங்கள். அங்கே பின்தொடரத்தக்க புள்ளிகள் அருகில் மிகக் குறைவு என்பதால், ஒற்றைக் கேமரா முறை தடுமாறுகிறது. இவ்வாறு ஒரு முறை எங்கே, ஏன் தோற்கிறது என்று எண்களோடு சொல்ல முடிந்தால், ஆய்வாளராகச் சிந்திக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படியாக, அந்தத் தோல்வியைக் கேள்வியாக மாற்றுங்கள். நீண்ட வெறும் தாழ்வாரத்தில் லேசர் ரோபோவுக்கு முன்னோக்கி எவ்வளவு நகர்ந்தோம் என்பது தெரியாமல் போகிறது. கோடையில் வரைந்த வரைபடம் பனிக்காலத்தில் அடையாளம் தெரியாமல் போகிறது. நடமாடும் மனிதர்களும் வாகனங்களும் வரைபடத்தைக் கலைக்கிறார்கள். பல ரோபோக்கள் சேர்ந்து ஒரே வரைபடத்தை உருவாக்குவதும், பொருள்களின் பெயரை அறிந்து வரைவதும் இன்னும் வேலை மிச்சமிருக்கும் களங்களே.

அதன் பிறகே ஆய்வுக்குழுவைத் தேடுங்கள். சரகோசா, பான், சூரிச் இடிஎச், ஆக்ஸ்போர்டு, கார்னெகி மெலன், எம்ஐடி ஆகிய இடங்களில் இத்துறைக்கு வலுவான மரபு உண்டு. ஐசிஆர்ஏ, ஐராஸ் ஆகிய ரோபோவியல் மாநாடுகளின் அண்மைக் கட்டுரைகளில் உங்கள் கேள்வியைத் தொடுபவர்கள் யார் என்று பாருங்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய பணியாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பல பல்கலைக்கழகங்களில் கடைசி நாள் டிசம்பரையொட்டி வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்களைச் சேர்க்கும் வலையமைப்புகளுக்கு விண்ணப்பிப்பவர், பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், தாம் பணியில் சேரும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்ற விதியைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அம்முறையை எந்தத் தரவில் ஓட்டினீர்கள், பிழை எங்கே பெருகியது, அதற்குக் காரணமாக எதைக் கருதுகிறீர்கள் என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி, நிரலின் இணைப்பையும் பாதையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.