கிள்ளானிலிருந்து பாளையங்கோட்டைக்கு: கையெழுத்துக்கு முன் தட்டட்டிக்கு ஏறுங்கள்

மலேசியாவிலிருந்து விசாவில் வந்து இங்கே வாடகைக்குக் குடியேறினால், வீட்டுக்காரர் அதை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும், ஞாபகப்படுத்துங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். நம் பக்கம் இரண்டு மாத வைப்புத்தொகை கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே அட்வான்ஸ் என்பார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதற்கு மூன்று மாத வாடகைதான் உச்சம் என்கிறது, நீங்களே அதிகத்துக்கு ஒப்புக்கொண்டால் தவிர. இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். எனக்கு யாரும் சொல்லாதது கூரையைப் பற்றி.

நான் வந்தது ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன், பாளையங்கோட்டையில் வெறும் காற்று. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பார்த்த வீட்டில் சுவரெல்லாம் மங்கிய பச்சை, கூரைக்கு மட்டும் புது வெள்ளை. நமக்காக அடித்திருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்து அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை. அது நின்ற மறுநாள் அந்த வெள்ளையில் டீக்கறை போல ஒரு வட்டம், ஓரம் மட்டும் கறுத்து. தொட்டால் உப்பு மாவாக உதிர்ந்தது. கார்த்திகையில் ஒரு ராத்திரி அங்கேயே காரை பெயர்ந்து மகளின் கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, அன்று அவள் பாட்டியோடு படுத்திருந்தாள்.

கொத்தனார் அண்ணாச்சி துருப்பிடித்த கம்பியைக் காட்டினார். “தண்ணி இறங்குனா கம்பி துருவேறி வீங்கும், காரையத் தள்ளிரும். மேல ஏறிப் பாத்திருக்கணும்லா, தம்பி?” தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, ஏறினோம். தட்டோட்டு இடுக்கெல்லாம் விரிசல், மழைத்தண்ணீர் போகும் துவாரத்தில் வேப்பஞ்சருகு அடைத்துக் கிடந்தது.

ஆகவே, டார்ச்சைக் கூரையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். உப்பல் நிழலாகத் தெரியும். ஒட்டடைக் கம்பின் அடியால் தட்டுங்கள்; பொள்ளென்று கேட்டால் காரை விட்டுவிட்டது. பரணுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி விடாமல் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றது. சித்திரை வெயிலிலும் ஓதம் காயாமல் இருந்தால் மழை இல்லை, குழாயைச் சந்தேகப்படுங்கள்.

கட்டுமானப் பழுது சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் குடிபோன அன்று நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை, அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். தேதியோடு எடுத்து அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

கிள்ளானில் எங்கள் ஓட்டு வீட்டில் ஒழுகினால் மழையோடு மழையாகச் சொட்டும், அம்மா வாளியை வைப்பார். இங்கே மழை விட்ட பிறகும் இரண்டு நாள் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.