உளவாளி படத்தில் ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை. "எங்க பெரியப்பா எந்த இடத்துல வர்றாரு?" என்று கேட்டு போன் வரும். பந்திக்கும் மேடைக்கும் நடுவே மூன்று விநாடி கடந்து போயிருப்பார். தேடிப் பிடித்து நிமிடக் கணக்கைச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் உளவாளி படங்களையும் திரையின் ஓரத்திலிருந்தே பார்க்கிறேன். சில நொடி மட்டும் தலைகாட்டிப் போகிறவர்களைப் பிடிக்க, அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை இது.

முதல் தடவை எதையும் தேடாதீர்கள், கதையைப் பாருங்கள். இரண்டாம் தடவைக்கு ஒரு நோட்டும் ரிமோட்டும் போதும். விமான நிலையம், சந்தை, விருந்து என்று கூட்டம் வரும் காட்சிகளில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாயகன் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். 2006இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கேசினோ ராயல்' படத்தில், மயாமி விமான நிலையச் சோதனையில் நிற்பவர் விர்ஜின் விமான நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் பிரான்சன். போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் விமானங்களில் காட்டிய பிரதியில் அவரை வெட்டிவிட்டார்கள். ஆகவே எங்கே, எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

பழக ஆரம்பிக்க நான் சொல்வது 1983இல் வந்த பாண்ட் படம் 'ஆக்டோபஸ்ஸி'. உதய்பூரில் எடுத்தது. பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து, பாண்டின் இசையையே மகுடியில் ஊதி அடையாளம் காட்டுபவர் நம் சென்னைக்காரர், டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். படத்திலும் அவர் பெயர் விஜய்தான். ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார். அந்த இடத்தில் அவரைப் பார்க்காதீர்கள், தெருவில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் எல்லாத் தலையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். அக்கா மகள் இதை அவளாகவே கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் சண்டைக்காட்சிகள். இங்கே ஆளை விட, ஷாட் எங்கே வெட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 2017 ஆகஸ்டில் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியபோது டாம் குரூஸின் கணுக்கால் உடைந்தது. அந்த ஷாட்டையே 'மிஷன் இம்பாஸிபிள் ஃபால்அவுட்' படத்தில் வைத்திருக்கிறார்கள். சுவரில் பாதம் மோதி மடங்கும் அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். பிறகும் அவர் மேலே ஏறி நொண்டியபடியே போகிறார். 'கேசினோ ராயல்' படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஏழு முறை உருண்டதற்குக் கின்னஸ் சாதனை கிடைத்தது. கார் தானாகப் புரளாததால் உள்ளே காற்றுப் பீரங்கி வைத்துப் புரட்டினார்கள். ஓட்டியவர் ஆடம் கிர்லி. இந்த மாதிரிப் பெயர்களுக்காகத்தான் கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலை முழுதாகப் பார்க்கச் சொல்கிறேன். உயிரைப் பணயம் வைத்தவரின் பெயர் ஒரே ஒரு வரியாக வந்து போகும்.

நோட்டில் இடது பக்கம் கேள்விப்பட்டது, வலது பக்கம் கண்ணால் பார்த்தது. நிமிடக் கணக்கு இல்லாத எதையும் வலது பக்கம் ஏற்றக் கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பு.

கண் பழக வேண்டுமென்றால் தெரிந்த ஊரில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உளவாளி படம் இல்லை என்றாலும், 'லைஃப் ஆஃப் பை' படத்தின் மிருகக்காட்சி சாலைக் காட்சிகளில் சில நம் புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் எடுத்தவைதான். மரங்களை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

எங்கள் நோட்டில் இடது பக்கமே நிற்கும் பெயர் ஒன்று உண்டு. பாண்ட் படத் தயாரிப்பாளராக இருந்த மைக்கேல் ஜி. வில்சன் பத்துக்கும் மேற்பட்ட பாண்ட் படங்களில் தலைகாட்டியவர். முதல் தடவை 1964இல், 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில், அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸ் காட்சியில் சிப்பாயாக நின்றார். அத்தனை சிப்பாய்களில் அவர் எவர் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.