முதல் சலங்கை பூஜைக்கு புள்ளைய ரெடி பண்றது எப்படி

விஜயதசமிக்கு பரதம் க்ளாஸ்ல சேத்து விட்டீங்க, தட்டடவு நாட்டடவுன்னு அடிப்படை ஸ்டெப்பு பழகியே வருஷம் ஓடிருச்சு, இப்போ டீச்சர் சலங்கை பூஜைக்கு, அதாவது புள்ளை மொத மொதல்ல சலங்கை கட்டி மேடையில ஆடுறதுக்கு, நாள் பாக்கலாம்னு சொல்லிட்டாங்களா, பதறாதீங்க. ஆட்டத்த டீச்சரும் புள்ளையும் பாத்துப்பாங்க, நம்ம வேலை சாப்பாடு, தலைமுடி, பாத்ரூம் இந்த மூணு தான். சிரிக்காதீங்க, மேடைக்குப் பின்னாடி அழுவுற புள்ளைங்க பெரும்பாலும் இதுல ஒண்ணுக்காகத் தான் அழுவுதுங்க.

வீட்ல ப்ராக்டிஸ் பண்ணும்போது "இன்னும் கீழ உக்காரு"ன்னு அரைமண்டிய (முட்டிய பக்கவாட்டுல மடக்கி பாதி உக்காந்து நிக்கிறது) நீங்க அமுக்காதீங்க, தொடை இடுப்புலேர்ந்து திரும்பாம பாதத்த மட்டும் திருப்பினா முட்டி தான் போகும், அத டீச்சர் கிட்ட விட்ருங்க. நீங்க பண்ண வேண்டியது வேற. க்ளாஸ்ல எதிர்ல டீச்சர், பக்கத்துல சீனியர் அக்கா, அவங்களப் பாத்துப் பாத்தே ஆடிப் பழகிருக்கும், மேடையில லைட் மூஞ்சில அடிக்கும், எதிர்ல ஒண்ணுமே தெரியாது. அதனால ஒரு நாள் டிவி பக்கம், ஒரு நாள் வாசல் பக்கம்னு திசைய மாத்தி ஆடச் சொல்லுங்க. மொதல் உருப்படி, அதாவது மொதல்ல ஆடுற ஐட்டம், அனேகமா அலாரிப்பா தான் இருக்கும், அதுல பாட்டு வரி கிடையாது, எல்லாம் தாளத்துக்குச் சொல்ற சொற்கட்டு தான், திஸ்ரம்னா எண்ணிக்கை மூணு மூணா போகும், ஸ்கூலுக்குப் போற வழியில அத வாயால சொல்ல வைங்க, சொல்லு மறக்காம இருந்தா காலும் மறக்காது. நடுவுல தப்பினா நின்னு அம்மாவத் தேடக்கூடாது, அடுத்த தட்டுல சேந்துக்கணும், இதையும் வீட்லயே பழக்கிடலாம்.

சலங்கை எத்தன வரிசைன்னு டீச்சர் சொல்றத மட்டும் வாங்குங்க, அழகா இருக்குன்னு அஞ்சு வரிசை வாங்கிட்டு சின்ன காலால தூக்க முடியாம போயிடும். தோல் பட்டையில தெச்ச மணி ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாருங்க, மேடையில ஒண்ணு தெறிச்சு அது கால்ல குத்தினா அவ்ளோ தான்.

ட்ரெஸ் தைக்கிறதா வாடகையான்னு கேட்டா, ஒரே ஒரு நிகழ்ச்சின்னா வாடகை போதும். தைக்கிறதுன்னா பேன்ட் மாதிரி போட்டுக்கிற பைஜாமா மாடல், உள்ள தையல் பிரிச்சு விட்டுக்க நல்லா துணி விடச் சொல்லுங்க. ஃப்ளெக்ஸ், ரிட்டர்ன் கிஃப்ட்லாம் என்னக் கேட்டா தேவையே இல்ல, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வெச்சு குரு தட்சணை, அதுல மட்டும் கொறை வைக்காதீங்க.

அன்னைக்கு மேக்கப் அக்காவுக்கு வரிசையில பத்து புள்ள காத்துட்டு இருக்கும், அதனால சீக்கிரமே போயிடுங்க. முந்தின நாளே தலைக்கு ஊத்திடுங்க, எண்ணெய் வழிய வழிய வெச்சா சவுரி நிக்காம நழுவும். போகும்போது டீ ஷர்ட் போடாதீங்க, முன்னாடி பட்டன் வெச்ச சட்டை தான், இல்லன்னா நெத்திச்சுட்டியும் பேன்கேக் மேக்கப்பும் போட்டதுக்கு அப்புறம் தலை வழியா எப்படிக் கழட்டுவீங்க? லிப்ஸ்டிக்குக்கு முன்னாடி ரெண்டு இட்லியோ தயிர் சாதமோ குடுத்துடுங்க, அப்புறம் தண்ணி ஸ்ட்ராவுல தான். ஒட்டியாணம் கட்றதுக்கு முன்னாடி "வரல"ன்னு சொன்னாலும் பாத்ரூம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. கால்ல பூசுற செவப்பு அல்தா காயுற வரைக்கும் நடக்க விடாதீங்க, வழுக்கும். ஊக்கு ஒரு அட்டை நம்ம பையில இருக்கட்டும், எல்லாரும் நம்மகிட்ட தான் கேப்பாங்க.

ஆடி முடிச்சதும் "அந்த இடத்துல கை தப்பிடுச்சே"ன்னு பெரியவங்க யாராவது ஆரம்பிப்பாங்க, அங்கயே நிறுத்துங்க. மேக்கப்ப மொதல்ல தேங்காய் எண்ணெய் தடவி பஞ்சால தொடைச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க. வாடகை நகைன்னா ஹால்லயே எண்ணிடுங்க, தலையில வைக்கிற சூரியன், சந்திரன், ராக்கொடி, காதுல மாட்டுற ரெண்டு மாட்டல், எது கொறைஞ்சாலும் அட்வான்ஸ்ல புடிச்சுப்பாங்க.