காப்பீட்டு அட்டை இருந்தால் பிரசவத்துக்கு எங்கே போவது?

"எங்ககிட்ட காப்பீட்டு அட்டை இருக்கு, பிரைவேட்லயே பாத்துக்கிறோம் சிஸ்டர்." கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலத்தில் பல வீடுகளில் கேட்ட பேச்சு இது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, சரிதான். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் அது செல்லும். சுகப்பிரசவத்துக்கு அட்டையை நீட்டினால் போதும் என்று நம்பிப் போன ஒரு பெண், சங்கிலியை அடகு வைத்த பிறகுதான் டிஸ்சார்ஜ் ஆனாள். முன்கூட்டியே 1800 425 3993க்கு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கட்டணம் கிடையாது.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க அந்த அட்டையே வேண்டாம். சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, ஸ்கேன், ரத்தம், சாப்பாடு, வீட்டில் கொண்டுவந்து விடும் வண்டி எல்லாமே 2011 முதல் இலவசம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் தனி.

ஆகவே அட்டையைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். சிக்கல் ஒன்றும் இல்லையென்றால் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமே போதும். முந்தையது சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பிரஷர், ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் சீமாங்க், அதாவது தாய்க்கும் பிறந்த குழந்தைக்குமான அவசர சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனைதான். தனியார்தான் என்று முடிவெடுத்தால், ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் வருவாரா, ரத்தம் கிடைக்குமா என்று எட்டாம் மாதமே கேளுங்கள். பதிலில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற பெண்கள் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வளைகாப்பு முடிந்த கையோடு அந்த ஊர் நர்ஸிடம் அதைக் காட்டுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் அதுதான் கைகொடுக்கும். இங்கேதான் ஒரு சிக்கல்: கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் பல வீடுகளில் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். அந்த ரேஷன் கார்டை வைத்துத்தான் காப்பீட்டு அட்டையே. நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் அப்போதே மனு கொடுங்கள், வலி வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு அலைய முடியாது.