வீட்டு ஜெபக்குழுவில் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு நேரத்தில், "உங்கள் பகுதியில் நடக்கும் ஜெபக்குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று ஆயர் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். சில சபைகளில் அதை ஏரியா ஜெபம் என்பார்கள், சிலவற்றில் செல் குரூப்; கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம். பெயர் எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வீட்டின் முன்னறை, ஒரு வேதப்பகுதி, ஜெபம், பிறகு தேநீர். ஆண்டுக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாமல் போகிற பெரிய சபைகளில், ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஆசையோடு சேருகிற பலர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். விசுவாசக் குறைவு அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எங்கே வாய் திறக்க வேண்டும், எங்கே வாய் மூட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராததே பெரும்பாலும் காரணம்.

குழுவை இன்னொரு ஆராதனையாக நினைப்பது முதல் தவறு. வந்து உட்கார்ந்து, தலைவர் பேசுவதைக் கேட்டு, ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு ஞாயிற்றுக்கிழமையே போதும். இந்தச் சிறு கூடுகைகளின் வரலாறே வேறு. 1670-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுத்தரன் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பெனர், சபையாரைத் தம் வீட்டில் கூட்டினார். வேதத்தைப் பற்றிச் சாதாரண விசுவாசிகளும் கேட்கலாம், பேசலாம் என்பது அவர் கொள்கை. அதிலிருந்து எழுந்த பையட்டிசம் என்ற பக்தி இயக்கம் வளர்ந்த ஹாலே நகரோடு தொடர்புடைய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்ச்சோவும்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஊழியச் செய்திகள் ஆங்கிலத்தில் அச்சாகி, இங்கிலாந்தின் எப்வொர்த் கிராமத்தில் சூசன்னா வெஸ்லியின் கைக்குப் போயின. அதைப் படித்து உள்ளம் தொடப்பட்ட அந்தத் தாய், தம் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனித்துப் பேசுவதென்று முடிவு செய்ததை 1712-இல் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். வியாழக்கிழமை மகன் ஜானுக்கு உரியது. அந்த ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டு இயக்கத்தில் 1742 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் அமைந்தன. அங்கே ஒவ்வொருவரிடமும் அவரவர் ஆத்தும நலம் விசாரிக்கப்பட்டது. தரங்கம்பாடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது நம் சபைகளில் பலருக்குத் தெரியாது. இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான்: விசாரிப்பதும் பதில் சொல்வதும் இல்லையென்றால் அது குழுவே அல்ல. "எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது" என்று கடைசி நாற்காலியில் ஒதுங்கிவிடாதீர்கள். அன்றைய பகுதியை வீட்டிலேயே இரண்டு முறை வாசித்து, புரியாத ஒரு கேள்வியையாவது கையோடு கொண்டுபோங்கள். பல வாரங்களில் அந்தக் கேள்விதான் எல்லாருக்கும் பயன்படும்.

எல்லாம் தெரிந்தவர் செய்யும் தவறு இதற்கு நேர் எதிரானது. அடுத்தவர் பாதி சொல்லும்போதே திருத்துவார், யூடியூபில் கேட்ட பிரசங்கத்தை முழுவதும் ஒப்பிப்பார். ஒரு கேள்விக்கு ஒருமுறை பேசினால் போதும். மற்ற எல்லாரும் பேசிய பிறகு வேண்டுமானால் மறுபடியும் பேசலாம்.

வசனத்தை வாசித்த உடனே "இது எனக்கு என்ன சொல்கிறது" என்று தாவுவது மிகப் பரவலான பழக்கம். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. எரேமியா 29:11 அந்த அட்டைகளில் அடிக்கடி வரும். சமாதானத்துக்கேற்ற நினைவுகளைக் கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிறார் என்ற வாக்கு. அதே அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து குழுவாக வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்று சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். இதை அறிந்த பிறகும் அந்த வாக்கு ஆறுதல்தான். ஆனால் அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்ற ஆறுதல் அல்ல, நீண்ட காத்திருப்பைத் தாங்கவைக்கும் ஆறுதல். வேலையில்லாமல் குழுவுக்கு வருகிற ஓர் இளைஞனுக்கு இந்த இரண்டில் எது உண்மையில் உதவும் என்று பேசிப்பாருங்கள். ஒரு மாலை முழுவதும் அதற்கே சரியாகிவிடும். முதலில் அது யாருக்கு, எப்போது, ஏன் சொல்லப்பட்டது, பிறகுதான் நாம்.

இனிச் சொல்லப்போவதுதான் குழுக்களை உடைக்கும் தவறு. ஒரு தாய் வியாழக்கிழமை இரவு தயங்கித் தயங்கி, "என் மகன் குடிக்க ஆரம்பித்துவிட்டான், ஜெபியுங்கள்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், குழுவுக்கே வராத ஒருவர், "தம்பி இப்போது எப்படி இருக்கிறான் அக்கா?" என்று கேட்கிறார். கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அந்தத் தாய், "பொதுவாகக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்பார். அதற்கடுத்த வாரம் வரமாட்டார். நம்மிடையே வம்பு பெரும்பாலும் ஜெப விண்ணப்பத்தின் உருவில்தான் பயணம் செய்கிறது. "பாரத்தோடு ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்ற முன்னுரை அதைப் புனிதமாக்கிவிடாது. வாட்ஸ்அப் வந்த பிறகு ஆபத்து இன்னும் பெரிது. நோயாளியின் பெயர், நோயின் பெயர், மருத்துவமனை வார்டு எல்லாம் ஒரே செய்தியாக அடுத்த ஊர் ஜெபக்குழுவரை போய்விடுகிறது. சொன்னவரிடம் கேட்காமல் குழுவுக்கு வெளியே ஒரு சொல்லும் போகக்கூடாது. கணவனிடமோ மனைவியிடமோ கூட. ஆயரிடம் சொல்ல வேண்டுமென்றாலும் விண்ணப்பத்தைச் சொன்னவரையே முதலில் கேளுங்கள். ஒருவர் உயிருக்கோ ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் மௌனம் கூடாது. உதவக்கூடியவரிடம் அன்றே போக வேண்டும்.

சேர்ந்த முதல் நாளே உள்ளத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவதும் வேண்டாம். சொன்னதை அந்தக் குழு எப்படிக் காக்கிறது என்று சில வாரங்கள் கவனியுங்கள். கேட்பவர்கள் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது: யாராவது துக்கத்தைச் சொன்ன மறுகணமே அறிவுரை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று எந்தக் குழுவிலாவது கேட்டால், அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை ஜெபக்குழுவுக்கு இல்லை.

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" அன்பாகவும் கேட்கலாம். ஆனால் ஊரில் தொடங்கி, எந்தத் தெரு, அப்பா பெயர், யாருக்கு உறவு என்று நீளும்போது, கேட்கப்படுவது சாதி என்பது புதிதாக வந்தவருக்கு உடனே புரிந்துவிடும். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று 1833-இல் கடிதம் எழுதினார். இத்தனை காலம் கழித்தும், பெயரில் ஏரியா ஜெபமாகவும் நடப்பில் ஒரே சாதியாராகவும் கூடும் குழுக்கள் இருக்கின்றன. உறவினர்களும் ஊர்க்காரர்களும் மட்டும் நிறைந்த குழுவைத் தேடிப் பிடித்துச் சேராதீர்கள். அப்படி அமைந்துவிட்டால் தெருவில் இருக்கும் மற்ற விசுவாசிகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர்கள் வீட்டிலும் கூடி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். முதல் வாரம் தேநீரும் பிஸ்கட்டும் என்று தொடங்கும். அடுத்த வீட்டில் சுண்டல், அதற்கடுத்த வீட்டில் கேசரியும் வடையும், பிறகு ஒரு வீட்டில் பிரியாணி. யாரும் போட்டி என்று சொல்வதில்லை. ஆனால் வாடகை வீட்டில், மாதக் கடைசியில் தடுமாறும் குடும்பம், "எங்கள் வீட்டில் இடம் போதாது" என்று தன் முறையைத் தள்ளிப்போடும். தேநீரோடு ஒரு பலகாரம், அதற்கு மேல் இல்லை என்று முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

நேரம் தவறாமை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏழு மணி என்றால் ஏழு மணி. அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரிவரை பேசியபோது தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்ற வாலிபனை நினைத்து, காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்பதுக்குள் முடியுங்கள்.

சீட்டு, இன்ஷூரன்ஸ், ஆள் சேர்க்கும் வியாபாரம் எதையும் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். பணமுடைக்கு உதவ விரும்பினால் திரும்ப எதிர்பார்க்காத தொகையாகக் கொடுங்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அறையில் நிம்மதியாக ஜெபிக்க முடிவதில்லை. கேள்வி கேட்டால் கோபப்படுகிற, தன்னிடம் கேட்காமல் வீட்டில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்கிற, பெண்களைத் தனியாக வந்து ஆலோசனை பெறச் சொல்கிற தலைவர் இருந்தால், அந்தக் குழுவில் இருக்கவே வேண்டாம். சபைப் பொறுப்பாளர்களிடம் சொல்லிவிட்டு விலகுங்கள்.

மற்றபடி விலக வேண்டிய நிலை வந்தால், இரவோடு இரவாக வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். வேலை நேரம் மாறியிருக்கலாம், பிள்ளைகளின் தேர்வாக இருக்கலாம், மனத்தாங்கலாகவும் இருக்கலாம். தலைவரிடமோ நெருக்கமான ஒருவரிடமோ நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். குழுவில் இருப்பவர்களும், ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "ஏன் வரவில்லை?" என்பதை விட்டுவிட்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.